விளையாட்டு டிரைவோடு வரட்டும்

கணினி விளையாட்டு எழுதும் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

1993 டிசம்பரில் வெளியான டூம் விளையாட்டை இன்றும் ஓர் எக்ஸ்டர்னல் டிரைவில் போட்டு, கையில் கிடைக்கும் கணினியில் செருகி ஆடலாம். அதன் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். இயங்கு கோப்பு ஒன்று இருக்கும். படம், ஒலி, வரைபடம் அனைத்தையும் கட்டிவைத்த வாட் கோப்பு ஒன்று இருக்கும். இலவசமாக விநியோகிக்கப்பட்ட முதல் பாகத்தில் அதன் அளவு 4 மெகாபைட்டைச் சற்றே தாண்டும். எந்த விசைக்கு எந்தச் செயல் என்று எழுதிவைக்கும் சின்ன கான்ஃபிக் கோப்பு ஒன்று, ஆடியவர் சேமித்த ஆட்டங்களுக்கு அதிகபட்சம் ஆறு கோப்புகள். சில்லறைத் துணைக் கோப்புகள் போக, விளையாட்டு அவ்வளவுதான். ஃபோல்டரை நகலெடுத்தால் விளையாட்டும் வருகிறது, பாதியில் விட்ட ஆட்டமும் கூடவே வருகிறது. ஃபோல்டரை அழித்துவிட்டால் கணினியில் அதன் சுவடுகூட மிஞ்சுவதில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து வந்த பல விளையாட்டுகளிடம் இதை எதிர்பார்க்க முடியவில்லை. பல கிகாபைட் ஃபோல்டர் முழுதாக டிரைவில் இருக்கும். புதுக் கணினியில் செருகிச் சொடுக்கினால் ஏதோ ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். அதிர்ஷ்டம் இருந்து திறந்தால், நாற்பது மணி நேரம் ஆடிய ஆட்டத்தை மறந்துவிட்டு முதல் கட்டத்திலிருந்து தொடங்கச் சொல்லும். இந்த வேறுபாட்டுக்குக் காலத்தையும் வன்பொருளையும் குறை சொல்லிப் பயனில்லை. நிரல் எழுதும்போது எடுக்கப்பட்ட சில முடிவுகளே காரணம். இனி அந்த முடிவுகளை எடுக்கப்போகிறவர்கள் நீங்கள் என்பதால்தான் இந்த மடல் உங்கள் பெயருக்கு வருகிறது.

டிரைவில் வைத்து ஆடுகிறவர்கள் யார் என்பதை உங்களில் பலர் யோசித்திருக்க மாட்டீர்கள். மடிக்கணினியில் 256 கிகாபைட் இடம் மட்டும் உள்ளவர். அதில் பாதியை விண்டோஸும் அலுவலகக் கோப்புகளும் எடுத்துக்கொண்டிருக்கும். வீட்டில் இருக்கும் ஒரே கணினியை அண்ணனோடும் அக்காவோடும் பங்குபோட்டுக்கொள்ளும் மாணவர். நிர்வாகி கடவுச்சொல் அவரிடம் இருக்காது. விடுதிக்கும் ஊருக்கும் போய் வருகிறவர். இவர்களுக்குக் கணினி நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. ஒரு டெராபைட் டிரைவ் மட்டும் மாறாமல் கூடவே வருகிறது. உங்கள் விளையாட்டை விலை கொடுத்து வாங்கி, பத்து ஆண்டு கழித்தும் ஆட நினைப்பவர்களில் பெரும்பங்கு இவர்கள்தாம்.

பழைய விளையாட்டுகளைப் பொறுத்தவரை டிரைவின் வேகம் ஒரு தடையே இல்லை. சிடி டிரைவின் அடிப்படை வேகம் நொடிக்கு 150 கிலோபைட். 52 மடங்கு வேகம் என்று அட்டையில் போட்டு விற்ற டிரைவ்கூட நொடிக்கு 7.8 மெகாபைட்டைத் தாண்டாது. யூஎஸ்பி 2.0 வழியாக இணைத்த சாதாரண ஹார்ட் டிஸ்க் நடைமுறையில் நொடிக்கு 30 மெகாபைட் அளவில் தரும். சிடியை நம்பி எழுதிய விளையாட்டுக்கு அது தாராளம். சில டிரைவ்கள் சும்மா இருக்கும்போது சுழல்வதை நிறுத்திக்கொள்ளும்; அடுத்த கட்டம் திறக்கும் நேரத்தில் திரை சில நொடிகள் உறைந்து நிற்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதவை நிரலுக்குள் இருக்கின்றன.

டாஸ் காலத்து விளையாட்டு ஒன்றை டிரைவில் அமைக்கும் வேலையிலேயே உங்களுக்கான முதல் பாடம் இருக்கிறது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை இயக்காது. ஆகவே 2002இல் முதன்முதலில் வெளியான டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர் தேவைப்படுகிறது. அது சில மெகாபைட் அளவுதான். இன்ஸ்டால் செய்யாமல் ஃபோல்டராகவே ஓடும். டிரைவில் டாஸ்பாக்ஸுக்கு ஒரு ஃபோல்டர், அதன் பக்கத்திலேயே விளையாட்டுகளுக்கு ஒரு ஃபோல்டர். எந்த ஃபோல்டரைப் போலி சி டிரைவாகக் காட்ட வேண்டும் என்று டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் கோப்பின் கடைசிப் பகுதியில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். பலர் அந்த வரியில் ‘ஈ டிரைவில் உள்ள கேம்ஸ் ஃபோல்டர்’ என்று முழு முகவரியை எழுதுகிறார்கள். அவரவர் வீட்டில் ஓடுகிறது. நண்பர் வீட்டுக் கணினியில் செருகினால் விண்டோஸ் அதே டிரைவுக்கு எஃப் என்றோ ஜி என்றோ பெயர் வைக்கிறது. டாஸ்பாக்ஸ் வெறும் இசட் டிரைவைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது. அதே வரியில் இரண்டு புள்ளி வைத்து, ‘இங்கிருந்து ஒரு படி மேலே போய் கேம்ஸ் ஃபோல்டர்’ என்று எழுதினால் போதும். டிரைவுக்கு எந்த எழுத்து வந்தாலும் விளையாட்டு ஓடும்.

டாஸ் காலத்தவர்கள் இதைத் தொலைநோக்கோடு செய்தார்கள் என்று மிகையாகப் புகழ வேண்டியதில்லை. ஃபிளாப்பியிலிருந்தும் ஓட வேண்டும், ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் ஓட வேண்டும் என்ற நெருக்கடியில் எழுதியதால், பெரும்பாலான விளையாட்டுகள் தம் கோப்புகளைத் தாம் நிற்கும் இடத்திலேயே தேடின. ஒலி அட்டையை அமைக்கும் செட்அப் நிரலில் முழு முகவரியையும் எழுதிவைத்த விளையாட்டுகளும் உண்டு. அவற்றை டாஸ்பாக்ஸின் போலி சி டிரைவ் காப்பாற்றிவிடுகிறது.

அந்தக் காலத்து இன்னொரு பழக்கம் தெரிந்தே செய்யப்பட்டது. டூமில் இயங்கு கோப்பு வேறு, வாட் கோப்பு வேறு. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997 டிசம்பரில் டூமின் மூலநிரலை வெளியிட்டபோது இந்தப் பிரிவினையின் அருமை தெரிந்தது. புதிய இயங்குதளங்களுக்குப் புதிய இயங்கு கோப்புகளை ஆர்வலர்கள் எழுதினார்கள். பழைய வாட் கோப்பு ஒரு பைட் மாறாமல் அவற்றோடு ஓடுகிறது. 2001இல் தொடங்கிய ஸ்கம்விஎம் திட்டமும் இதே வழிதான்: லூகாஸ்ஆர்ட்ஸின் பழைய சாகச விளையாட்டுகளிலிருந்து தரவுக் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இயக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. டிரைவில் நூறு விளையாட்டுகளின் தரவு இருந்தாலும் இயக்குவதற்கு ஒரு நிரல் போதும்.

ஃபோல்டரை நகலெடுத்தாலே எல்லாம் வந்துவிடும் என்பதற்கு விலக்கு 1996இல் வந்த குவேக். அதன் சிடியில் முதல் தடத்தில் விளையாட்டுத் தரவும், இரண்டாவது தடத்திலிருந்து நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் அமைத்த இசையும் இருந்தன. அந்த இசை கோப்பு வடிவில் இல்லை. பாட்டு சிடியில் இருப்பது போலவே தடங்களாக இருந்தது. ஃபோல்டரை மட்டும் டிரைவுக்கு மாற்றியவர்கள் பல ஆண்டுகள் குவேக்கை இசையில்லாமலேயே ஆடினார்கள். விளையாட்டில் இசையே கிடையாது என்று நம்பிக்கொண்டவர்களும் உண்டு. சிடியை ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்தாலும் பயனில்லை. அந்த வடிவம் ஒலித் தடங்களைத் தாங்காது. பின், கியூ என்ற இரட்டைக் கோப்புகளாக எடுத்தால்தான் இசையும் சேர்ந்து வரும்; அந்தக் கியூ கோப்பை டாஸ்பாக்ஸிடம் சிடியாகக் காட்டலாம். விளையாட்டின் ஒரு பகுதியை ஃபோல்டருக்கு வெளியே வைத்தால் அதுதான் முதலில் தொலையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெளியே வைப்பதே வழக்கமானது விண்டோஸ் 95க்குப் பிறகு. விளையாட்டு எந்த டிரைவில் இருக்கிறது, எந்த மொழி, எந்தத் தெளிவளவு என்பன எல்லாம் ரெஜிஸ்ட்ரிக்குப் போயின. ரெஜிஸ்ட்ரி கணினிக்கு உரியது; டிரைவோடு அது வராது. ஆகவே விளையாட்டின் எல்லாக் கோப்புகளும் டிரைவில் இருந்தும், ‘இன்ஸ்டால் செய்யப்படவில்லை’ என்று அது தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும் வேடிக்கை தொடங்கியது. 2000களின் தொடக்கத்தில் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் விளையாட்டுகள் கைமாறியது ஃபோல்டர் நகலாகத்தான். எது ‘காப்பி பண்ணினாலே ஓடும்’, எது ‘இன்ஸ்டால் பண்ணணும்’ என்பது பத்து வயதுப் பையனுக்கும் அத்துப்படி. அவற்றில் பெரும்பாலானவை உரிமமில்லாத நகல்கள் என்பது வேறு வழக்கு. ஆனால் அந்தப் பையன்கள் செய்த வகைப்பாடு சரியானது. எவை பிழைக்கும், எவை பிழைக்காது என்பதை அது அன்றைக்கே சொல்லிவிட்டது.

இன்ஸ்டாலர் இருக்கிறதே, அதை வைத்து மறுபடி நிறுவிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். 1990களின் நடுவில் வந்த பல விளையாட்டுகள் 32 பிட். அவற்றின் இன்ஸ்டாலர்கள் 16 பிட். இன்றைய 64 பிட் விண்டோஸில் விளையாட்டு ஓடத் தயார், ஆனால் அதை நிறுவும் நிரல் திறக்காது. மைக்ரோசாஃப்ட் இதை உணர்ந்து, பரவலாகப் புழங்கிய சில பழைய இன்ஸ்டாலர்களுக்குப் பதிலாக 32 பிட் மாற்று ஒன்றை விண்டோஸுக்குள்ளேயே வைத்தது. அந்தப் பட்டியலில் இல்லாதவற்றுக்குக் கதி இல்லை. திறக்கும் இன்ஸ்டாலர்களிலும் ஒரு கோளாறு உண்டு. காலியிடத்தை 32 பிட் எண்ணில் வைத்துக் கணக்கிடும் நிரல்களுக்கு 2 அல்லது 4 கிகாபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஒரு டெராபைட் டிரைவைக் காட்டினால் எண் சுற்றிக்கொண்டு எதிர்மறையாகி, ‘போதிய இடமில்லை’ என்று வந்து நிற்கும். முந்நூறு மெகாபைட் கேட்கும் விளையாட்டு, எண்ணூறு கிகாபைட் காலியாகக் கிடக்கும் டிரைவைப் பார்த்து இடமில்லை என்கிறது! எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்தில் அத்தனை பெரிய டிரைவ் இல்லை. உங்கள் நிரலும் இருபத்தைந்து ஆண்டு கழித்து இதே போன்ற ஏதோ ஒன்றைச் சொல்லும். ஃபோல்டரை நகலெடுத்தாலே ஓடும்படி எழுதியிருந்தால், இன்ஸ்டாலர் செத்தாலும் விளையாட்டு தப்பிக்கும்.

நகல் தடுப்பு செய்த சேதத்துக்கு வருவோம். சேஃப்டிஸ்க் என்ற முறை, அசல் சிடி செருகியிருக்கிறதா என்று பார்க்க விண்டோஸின் மையத்தில் ஓடும் ஒரு டிரைவர் கோப்பை நம்பியிருந்தது. அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவே மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. மைக்ரோசாஃப்ட் செய்தது சரிதான். ஆனால் அசல் சிடியைப் பெட்டியோடு பத்திரப்படுத்தியிருந்தவர்களின் விளையாட்டுகள் ஒரே நாளில் நின்றன. தடுப்பை உடைத்த திருட்டு நகலோ வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் டிரைவில் வைத்தால் ஓடுகிறது. காசு கொடுத்து வாங்கியவரைவிடக் கொடுக்காதவர் கையில் நல்ல பொருள் இருக்கும் நிலையை எந்த வணிகமும் விரும்பாது. உங்கள் துறை அதைக் கால் நூற்றாண்டாகச் செய்துவருகிறது.

சேமிப்புக் கோப்புகளின் கதை சற்றுச் சிக்கலானது. இங்கே நியாயம் இரு பக்கமும் இருக்கிறது. பழைய விளையாட்டுகள் தம் ஃபோல்டருக்குள்ளேயே சேமித்தன. ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும்போது அது சரிப்படாது. அவரவர் ஆட்டம் அவரவர் கணக்கில் இருப்பதுதான் முறை. ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் சாதாரண நிரல்கள் எழுதக் கூடாது என்று விண்டோஸ் விஸ்டா கட்டுப்பாட்டை இறுக்கியதும் பாதுகாப்பு நோக்கில் சரி. அப்படி எழுத முயலும் பழைய நிரல்களை ஏமாற்ற, அவை எழுதுவதை விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டருக்கு விஸ்டா திருப்பிவிட்டது. அதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. பழைய விளையாட்டு கணினிக்குள் இருந்தால் சேமிப்பு எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது. எக்ஸ்டர்னல் டிரைவில் இருந்தால் அந்தத் திருப்பிவிடல் அதைத் தொடுவதில்லை, சேமிப்பு பழையபடி விளையாட்டின் பக்கத்திலேயே விழுகிறது. பழைய விளையாட்டுகளுக்கு டிரைவ் பாதுகாப்பான இடம் என்று சொல்வதற்கு இது ஒரு கூடுதல் காரணம்.

உங்கள் விளையாட்டுகள் எங்கே சேமிக்கின்றன? டாக்குமென்ட்ஸுக்குள் மை கேம்ஸ், சேவ்டு கேம்ஸ், ஆப்டேட்டாவின் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என்று ஆளுக்கு ஓரிடம். ஆப்டேட்டா ஃபோல்டர் விண்டோஸில் மறைத்தே வைக்கப்பட்டிருக்கும். அது இருப்பதே பலருக்குத் தெரியாது. எந்த விளையாட்டு எங்கே சேமிக்கிறது என்று பட்டியல் போடுவதையே 2012 முதல் பிசிகேமிங்விக்கி தன்னார்வலர்கள் ஒரு பெரும் பணியாகச் செய்துவருகிறார்கள். நீங்கள் ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டியதை ஊரார் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இதில் உங்கள் பழக்கத்தைவிட உங்கள் கருவிகளின் பழக்கம் அதிகம் பேசுகிறது. யூனிட்டியில் பிளேயர்பிரஃப்ஸ் என்ற வசதியை அழைத்து ஒலி அளவையோ திறந்த கட்டங்களையோ எழுதினால், விண்டோஸில் அது நேராக ரெஜிஸ்ட்ரிக்குப் போகிறது. பெர்சிஸ்டென்ட் டேட்டா பாத் என்று கேட்டால் ஆப்டேட்டாவின் லோக்கல்லோவுக்குள் ஓரிடத்தைத் தருகிறது. அன்ரியலில் வெளியீட்டுக்குக் கட்டும் பதிப்பு லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் சேமிக்கிறது. பயிற்சிக் காணொளியைப் பார்த்து மூன்று வரி எழுதிய மாணவர், தன் விளையாட்டை டிரைவில் தூக்கிச் செல்ல முடியாததாக ஆக்கிவிட்டோம் என்பதை அறிவதே இல்லை. தெரிந்து எடுத்த முடிவென்றால் வாதிடலாம். எஞ்சினின் இயல்புநிலை உங்களுக்காக முடிவெடுத்துவிடுவதுதான் வருத்தம்.

ஆறுதலான விலக்குகள் இல்லாமல் இல்லை. ஃபாக்டோரியோவை ஜிப் வடிவில் இறக்கினால், சேமிப்புகளும் அமைப்புகளும் மாற்றுப்பொதிகளும் அதன் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கின்றன. சிறிய கான்ஃபிக் கோப்பு ஒன்றில் உள்ள ஒற்றை மதிப்புதான், கணினியின் பொது இடத்தில் எழுதுவதா தன் ஃபோல்டரில் எழுதுவதா என்று முடிவு செய்கிறது. இன்ஸ்டாலர் வழியாக நிறுவுபவருக்கு ஒரு முறை, டிரைவில் வைப்பவருக்கு ஒரு முறை. இருவருக்கும் ஒரே நிரல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் சர்வர். 2014இல் வெளியான தி க்ரூ என்ற கார்ப்பந்தய விளையாட்டைத் தனியாக ஆடினாலும் இணையத் தொடர்பு வேண்டியிருந்தது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியது. கடையில் வட்டு வாங்கியவர், இணையத்தில் இறக்கியவர் இருவருக்கும் அன்றோடு முடிந்தது. டிரைவில் இருக்கும் கோப்புகள் எதற்கும் உதவா. அதையொட்டி எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் கோரிக்கைக்கு 2025 ஜூலைக்குள் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அவர்கள் கேட்பது காலமெல்லாம் சர்வரை நடத்தச் சொல்லி அன்று. நிறுத்தும்போது விளையாட்டை ஓடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போகச் சொல்லித்தான்.

சர்வர் நிற்காவிட்டாலும் லாஞ்சர் கைவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் ஸ்டீம் 2019 ஜனவரி 1 அன்று ஆதரவை நிறுத்தியது. 7க்கும் 8க்கும் 2024 ஜனவரி 1 அன்று. எக்ஸ்பிக்காகவே எழுதிய விளையாட்டு, எக்ஸ்பி ஓடும் பழைய கணினி, முறையாக வாங்கிய உரிமம் மூன்றும் கையில் இருந்தும், நடுவில் நிற்கும் லாஞ்சர் திறக்காததால் ஆட முடியாமல் போனது. இங்கே ஸ்டீமை மட்டும் சாடுவது நேர்மையாகாது. தன் காப்பு முறையைப் போட்டே ஆக வேண்டும் என்று ஸ்டீம் உங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. தொடங்கும்போது ஸ்டீமை அழைக்கும் வரி தோற்றுத் திரும்பினால், ‘ஸ்டீம் இல்லை’ என்று மூடிக்கொள்வதா, சாதனைப் பதக்கங்கள் இல்லாமல் ஆட்டத்தைத் தொடர்வதா என்பது அதற்கு அடுத்து நீங்கள் எழுதும் இஃப் வரியில் இருக்கிறது.

பின்னாளில் திருத்திக்கொள்ளவும் முடியும். 2008இல் வந்த ஃபால்அவுட் 3, மைக்ரோசாஃப்டின் கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் சேவையைச் சார்ந்திருந்தது. அந்தச் சேவை தேய்ந்துபோய், விளையாட்டைப் புதிய விண்டோஸில் ஓடவைக்கவே வாங்கியவர்கள் பாடுபட்டார்கள். 2021 அக்டோபரில் ஒரு புதுப்பிப்பு வந்து அந்தச் சார்பை நீக்கியது. பதின்மூன்று ஆண்டுத் தாமதம். எல்லா விளையாட்டுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்காது. நிறுவனம் மூடியிருக்கலாம், எழுதியவர்கள் சிதறியிருக்கலாம். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கடையில் கிடைக்காதவற்றுக்கு யாரோ ஒருவர் வீட்டு டிரைவ்தான் கடைசிப் புகலிடம்.

தூக்கிச் செல்ல முடிகிற விளையாட்டைத் திருடுவது எளிது என்பது உங்கள் தரப்பின் முக்கிய அச்சம். எளிதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2008இல் போலந்தில் பழைய விளையாட்டுகளுக்காகத் தொடங்கிய ஜிஓஜி கடை, எந்தக் காப்பும் இல்லாத இன்ஸ்டாலர்களையே விற்றுப் பிழைத்துவருகிறது. அதன் அப்போதைய தாய் நிறுவனம் 2015இல் தி விட்சர் 3 விளையாட்டை முதல் நாளிலிருந்தே அங்கே காப்பில்லாமல் விற்றது. எல்லாக் கடைகளிலும் சேர்த்து அந்த விளையாட்டு 5 கோடி பிரதிகளைத் தாண்டிவிட்டதாக 2023இல் நிறுவனம் அறிவித்தது. வெளியான முதல் சில மாதங்களில்தான் திருட்டால் நட்டம் அதிகம் என்பது நிறுவனங்களின் வாதம். சரி, அந்தச் சில மாதங்களுக்குக் காப்பு வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது ஆண்டிலும் அதே பூட்டு எதற்கு?

கிளவுடில் சேமிப்பு இருக்கிறதே என்பது அடுத்த பதில். கணக்கு இருக்கும்வரை, சேவை இருக்கும்வரை, இணையம் இருக்கும்வரை அது நல்ல வசதி. டிரைவுக்குத் துணையாக இருக்கட்டும்.

ஆகவே உங்களிடம் கேட்கப்படுவது இதுதான். கோப்புகளைத் தேடும்போது டிரைவ் எழுத்தில் தொடங்கும் முழு முகவரியை எங்கும் எழுதாதீர்கள். இயங்கு கோப்பு நிற்கும் இடத்திலிருந்து கணக்கிடுங்கள். தற்போதைய ஃபோல்டரை நம்புவதும் போதாது, ஷார்ட்கட் வழியாகத் திறந்தால் அது வேறெங்கோ இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் எதை எழுதினாலும், அது காணாமல் போனால் விளையாட்டு தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும்படி எழுதுங்கள். சேமிப்புகளை ஆப்டேட்டாவில் வைப்பது உங்கள் இயல்புநிலையாக இருக்கட்டும். ஆனால் ஃபோல்டரில் போர்ட்டபிள் என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு இருந்தால் எல்லாவற்றையும் அங்கேயே சேமிக்கும்படி ஒரு வழி வையுங்கள். எஞ்சின் எதுவானாலும் நாலு வரி வேலை இது. எங்கே சேமிக்கிறது என்பதை அமைப்புகள் திரையில் காட்டுங்கள். அந்த ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. எக்ஸ்ஃபேட் வடிவில் உள்ள டிரைவில் விண்டோஸின் இணைப்பு ஃபோல்டர்கள் வேலை செய்யாது; அவற்றை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

லாஞ்சரோ சர்வரோ பதில் சொல்லாதபோது ஒற்றையாள் ஆட்டம் திறக்கட்டும். சர்வரை நிறுத்தப்போகும் நாள் வந்தால், சரிபார்ப்பை நீக்கிய கடைசிப் புதுப்பிப்பை அதற்கு முன்பே வெளியிடுங்கள். வேலையின் தொடக்கத்திலேயே இதற்கென ஒரு நிலைமாற்றியை நிரலில் வைத்தால், கடைசியில் அவசரத்தில் தேட வேண்டியிராது. ஒப்பந்தம் எழுதும் மேலாளர்களிடமும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

மூலநிரலையும் அதைக் கட்டும் கருவிகளையும் நீங்களும் ஒரு டிரைவில் வையுங்கள், வேறொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் ஆப்பிள் 2 மூலநிரல் தொலைந்துவிட்டதாகவே ஜோர்டன் மெக்னர் நினைத்திருந்தார். 2012இல் அவருடைய தந்தை ஒரு பெட்டிக்குள்ளிருந்து பழைய வட்டுகளைக் கண்டெடுத்தார். தெரிந்தவர்கள் சிலர் உதவியோடு அவற்றைப் படித்து, நிரலை எல்லோருக்கும் வெளியிட்டார் மெக்னர். எல்லோருடைய அப்பாவும் பெட்டிகளைப் பத்திரப்படுத்துவதில்லை. வெளியாரின் நூலகங்களைச் சேர்க்கும்போதும் கவனம் வேண்டும்: டூமின் டாஸ் பதிப்பில் இருந்த ஒலி நிரல் வேறொருவருக்குச் சொந்தம் என்பதால் அதை வெளியிட முடியாமல், ஐடி நிறுவனம் லினக்ஸ் பதிப்பின் நிரலைத்தான் வெளியிட்டது.

கடைசியாக, உங்கள் சோதனைப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள். வெளியீட்டுக்கு முன், விளையாட்டின் ஃபோல்டரைப் பாதியில் சேமித்த ஓர் ஆட்டத்தோடு எக்ஸ்டர்னல் டிரைவுக்கு நகலெடுங்கள். அந்த விளையாட்டை ஒருபோதும் நிறுவாத வேறு கணினியில், வேறு டிரைவ் எழுத்தில், நிர்வாகி உரிமையில்லாத கணக்கில், இணையத்தைத் துண்டித்துவிட்டுச் செருகுங்கள். விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடர்ந்தால் வெளியிடுங்கள். தொடராவிட்டால் எதனால் நின்றது என்று எழுதி, மற்ற பிழைகளைத் திருத்தும் வரிசையிலேயே அதையும் வைத்துத் திருத்துங்கள்.